சிவப்பு நூல் கட்டிய நாலு குஞ்சு

ஜனவரி 20, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு இன்று ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது. உள்ளே ஒரு பல்பு, கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய சின்ன ஃபேன், ஒரு கிண்ணம் தண்ணீர். குஞ்சு பொரிக்கிற பெட்டி என்றாள் சிம்ரன் மிஸ். இருபத்தொரு நாளில் பிள்ளைகள் கண்ணெதிரே குஞ்சு வெளியே வருமாம்.

"தாய்க்கோழி எங்கே?" என்று கேட்டேன்.

"அது வேணாம் ஜெகதாம்மா. பல்பு போதும்."

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. தாய் வேண்டாமாம். பல்பு போதுமாம்.

பூந்தமல்லி ஷவுகத் அலி பாய் கறிக்கடையிலிருந்து பன்னிரண்டு நாட்டுக்கோழி முட்டை வாங்கி வந்திருந்தாள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். கூர் ஏழு, உருண்டை ஐந்து. கூர் என்றால் சேவல், உருண்டை என்றால் பெட்டை என்று சொன்னேன். சிரித்தாள். "முட்டையைப் பார்த்தெல்லாம் சொல்ல முடியாதும்மா. நாட்டுக்கோழிக்கு ரெண்டு மாசம் ஆகணும். கொண்டை, வால் எல்லாம் பார்த்துதான் தெரியும்."

அவளுக்கு வயது இருபத்தாறு. நான் இந்தப் பள்ளியில் ஆயாவாக இருப்பதே இருபத்திரண்டு வருஷம். நாற்பது வயதுக்கு மேல் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து அ, ஆ எழுதி, யாரும் சொல்லித் தராமல் படிக்கக் கற்றவள். இந்தக் கோவில்பதாகையில் எத்தனை வயிறு பார்த்துச் சொல்லியிருக்கிறேன்! ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாதென போர்டு மாட்டியிருக்கிறார்கள். அதனால் என்னிடம்தான் வருவார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருக்கும். மீதிப் பத்து அவர்கள் நாள் கணக்கைத் தப்பாகச் சொன்னதால்.

ஜனவரி 22, புதன்

பால் வாங்கப் போனபோது துலுக்கானம் ஆட்டோவை நிறுத்தினார். என் மருமகனுக்குச் சித்தப்பா. அடுத்த தெருவில்தான் வீடு.

"இன்னா சம்மந்திம்மா, விசயம் தெர்யுமா? புஷ்பா முழுவாம கீது. அஞ்சு மாசம்."

என் பெண். அஞ்சு மாசம். ஆட்டோக்காரர் சொல்லித் தெரிந்துகொள்கிறேன்.

"நான் போய்ப் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் ஹாண்டில் பாரைப் பார்த்தபடி பேசினார். "தப்பா எடுத்துக்காத. அது இன்னா சொல்லிச்சுன்னா, எங்கம்மா இந்தத் தபா ஆஸ்பத்திரி வாசப்படிய கூட மிதிக்கக் கூடாதுன்னிச்சு."

முதல் குழந்தைக்குப் பையன் என்று நான் சொன்னேன். பெண் பிறந்தது. சரி. அதற்கு ஆறு வருஷமா? பெற்றவளிடம் ஆறு வருஷம் பேசாமல் இருக்கிற அளவுக்கு அது என்ன கொலைக் குற்றமா? ஆவடியில் ரயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் கொரட்டூர். அவளும் வரவில்லை. நானும் போகவில்லை. நான் ஏன் போக வேண்டும்?

ஜனவரி 27, திங்கள்

ஜன்னலைச் சாத்தி, போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துக் காட்டினாள் சிம்ரன். உள்ளே சிவப்பாக நரம்பு, சிலந்தி வலை போல. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அது துடித்தது.

பிள்ளைகள் கத்தினார்கள். இத்தனை வயிறு பார்த்தேனே, ஒன்றின் உள்ளேயும் நான் பார்த்ததில்லை.

இரண்டு முட்டை வெறும் முட்டை. மீதி பத்து.

பிப்ரவரி 3, திங்கள்

நிர்மல் சார் வந்தார். பள்ளிக்கூடம் அவருடையது. கூண்டில் நாலுதான் வளர்க்க முடியும், அதுவும் பெட்டை மட்டும், சேவல் கூவினால் மாடியில் குடியிருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார். ஆண் குஞ்செல்லாம் கறிக்கடை பாய்க்கே திரும்பப் போய்விடும்.

கனிமொழி கையைத் தூக்கினாள். நாலு வயது. அவள் வீட்டில் தம்பி பிறந்து மூன்று மாதம்.

"மிஸ், எங்க தம்பி கூட பையன்தான். அவனையும் பாய் எடுத்துக்கினு போயிடுவாரா?"

"ஐயோ, இல்லம்மா."

"ஏன்? எப்ப வருவாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

சிம்ரன் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டில் நான் மூன்றாவது பெண். நான் பிறந்த செய்தி வந்தபோது அப்பா வேலையைக்கூட நிறுத்தவில்லையாம். 'ஆண் வேண்டாம், பெண் போதும்' என்று ஒரு பெரிய மனிதர் வாயால் சொல்லி, என் காதால் கேட்டது இந்த அறுபத்து நாலு வருஷத்தில் இன்றுதான் முதல் தடவை. கோழிக்காகத்தான் சொன்னார். இருந்தாலும் சொன்னார்.

பிப்ரவரி 10, திங்கள்

ஒன்பது வந்தது. ஒன்று ஓட்டுக்குள்ளேயே போய்விட்டது.

காலையில் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து கீச் சத்தம். ஓடு உடையாத முட்டை சத்தம் போடுகிறது! பிள்ளைகள் பதினாறு பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பள்ளியில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. ஓட்டைச் சுற்றிக் கோடு போட்டாற்போலக் கொத்திக்கொண்டு வந்து, கடைசியில் காலால் ஓர் உதை. நனைந்த பஞ்சு மாதிரி ஒன்று விழுந்தது. அழகே இல்லை. அபிஷேக் பயந்து என் மடியில் ஏறிக்கொண்டான்.

தலையில் கறுப்புப் பொட்டு உள்ள வெள்ளைக் குஞ்சு தன்னுடையது என்றாள் கனிமொழி. பெயர் இட்லி.

பிப்ரவரி 12, புதன்

குஞ்சுகளைப் பிரித்தேன். பிடறியைப் பிடித்துத் தூக்கினால் காலை உதறுவது ஆண். காலை மடக்கித் தொங்குவது பெண். ஐந்து ஆண், நாலு பெண். பெண் நாலுக்கும் காலில் சிவப்பு நூல் கட்டினேன்.

"ரெண்டு மாசம் பொறுத்துப் பார்க்கலாம் சார்" என்றாள் சிம்ரன்.

"ஜெகதாம்மா சொன்னா சரியா இருக்கும். என் வைஃபுக்கே கரெக்டா சொன்னவங்க" என்றார் நிர்மல் சார்.

சிம்ரன் கேட்டுக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 28, வெள்ளி

ஷவுகத் அலி பாய் மொபெட்டில் கூடையோடு வந்தார். ஐந்தையும் நானே எடுத்துப் போட்டேன். இட்லியும் அதில் ஒன்று. அது உதறிய உதறல் இன்னும் என் கையில் இருக்கிறது.

பாய் கூடைக்குள் குனிந்து பார்த்தார். "ஏம்மா, இதுல பொட்டயும் இருக்கற மாதிரி தெரியுதே?"

"உங்களுக்கு அறுக்கத்தான் தெரியும் பாய். பார்த்துச் சொல்றது வேற வேலை" என்றேன்.

அவர் கூடையின் வாயைக் கட்டினார்.

கனிமொழி அழவில்லை. டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. ஒரு வாயாவது சாப்பிடு என்றதற்கு, "இட்லி பையன்னு யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

"நான் சொன்னேன்."

"இட்லி சொல்லிச்சா?"

இப்படி எதிர்த்துக் கேட்கிற பிள்ளைகளை அந்தக் காலத்தில் — சரி, வேண்டாம்.

மார்ச் 10, திங்கள்

குஞ்சுகளுக்குக் கால் பருத்துவிட்டது. நாலுக்கும் நூலை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினேன். யாரையும் தொடவிடவில்லை.

மார்ச் 24, திங்கள்

மூன்றுக்குக் கொண்டை கொஞ்சம் சிவந்திருக்கிறது. வெயில்.

ஏப்ரல் 7, திங்கள்

"ஒரு தடவை கொண்டையை நல்லாப் பாருங்க ஜெகதாம்மா" என்கிறாள் சிம்ரன். எனக்குப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. பார்த்துத்தான் கட்டினேன்.

துலுக்கானம் சொன்னார், புஷ்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறதாம். எட்டாம் மாதம். மாமியார் கால் அமுக்கிவிடுகிறாளாம். அந்த மாமியார்!

ஏப்ரல் 21, திங்கள்

காலைப் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறார்கள். கூண்டிலிருந்து ஒரு சத்தம், உடைந்த சைக்கிள் ஹாரன் போல. பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் தெளிவாக. மூன்றாவது தடவை சந்தேகமே இல்லை. கழுத்தை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி, காலில் என் சிவப்பு நூலோடு அது கூவியது.

பிரார்த்தனை அதோடு போயிற்று. பதினாறு பிள்ளைகளும் கூவ ஆரம்பித்தார்கள். மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். சிம்ரன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னை ஏதோ பாவம் போலப் பார்த்தாள்.

என் வாய் தானாகப் பேசியது.

"மாத்திட்டாங்க. யாரோ குஞ்ச மாத்திட்டாங்க."

சிம்ரன் மெதுவாகக் கேட்டாள். "யாரும்மா மாத்துவாங்க? நூல் நீங்க கட்டினது. முடிச்சு உங்க முடிச்சு. பாருங்க."

பார்த்தேன். என் முடிச்சுதான்.

மாத்திட்டாங்க. அதே வார்த்தை. எழுத்துக்கு எழுத்து அதே வார்த்தை. ஐயோ, நான் இன்னா பொம்பள!

ஏப்ரல் 22, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன். இந்த நோட்டில்கூட நான் பொய்தான் எழுதி வந்திருக்கிறேன்.

புஷ்பா என்னிடம் பேசாதது நான் பையன் என்று சொன்னதற்காக இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், பிரசவ வார்டு. மருமகன், அவன் அம்மா, துலுக்கானம், இன்னும் யார் யாரோ. நான் சொன்னதை நம்பி அந்த அம்மாள் பையனுக்கென்று அரைஞாண் வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். நர்ஸ் வெளியே வந்து துணியை விலக்கிக் காட்டினாள். யாரும் குழந்தையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: "இது எங்க குழந்தை இல்ல. மாத்திட்டாங்க."

நர்ஸ் குழந்தையின் கையைத் தூக்கிக் காட்டினாள். "கட்டியிருக்கறத படிச்சுப் பாரும்மா. புஷ்பான்னு போட்டிருக்கு. நாங்க கட்டினது." நான் படிக்கவில்லை. படிக்கத் தெரிந்தவள்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒன்பது நாள் கழித்துத்தான் போனேன். அதற்குள் மாமியார்க்காரி என் வார்த்தையை எடுத்துக்கொண்டாள். பெற்ற தாயே சொல்கிறாளே என்றாளாம். குழந்தைக்கு மூன்று மாதம் பெயர் வைக்கவில்லை. தையல் பிரியாத வயிற்றோடு, 'இது என் குழந்தைதான்' என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாளாம் என் பெண்.

ஒரு தப்பை ஒத்துக்கொள்ள முடியாமல் பேத்தியை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அது சேவல் கூவித்தான் எனக்குக் கேட்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 26, சனி

கூண்டிலிருந்த நாலில் மூன்று சேவல். இன்று மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு பூந்தமல்லி போனேன். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட ரோடெல்லாம் புழுதி. பையில் ஒன்று பஸ்ஸுக்குள்ளேயே கூவியது. கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "இன்னாமே, அலாரம் வச்சிகினு வர்றியா?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

பாய் கடையில் கூட்டம் இல்லை. என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்.

"அந்த அஞ்சு இன்னாச்சு பாய்?"

"ரெண்டு சாவல். போன வாரம்தான் போச்சு. மூணு பொட்டம்மா, வீட்ல மேயுது."

"அறுக்கலையா?"

"எனக்கு அறுக்கத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆனா முட்டை வைக்கிறத யாராச்சும் அறுப்பாங்களா?"

தலை குனிந்துகொண்டேன். இந்த வயதில், கறிக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து. "அன்னிக்கு அப்டி பேசியிருக்கக் கூடாது பாய்" என்றேன். அந்த வார்த்தையை வெளியே கொண்டுவர எனக்கு வியர்த்துவிட்டது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. டீ சொன்னார்.

"மூணு வாரத்துக் குஞ்சுல உங்களுக்கு மட்டும் எப்டித் தெரிஞ்சுது?"

"தெரியலம்மா. ஒரு சந்தேகம், அவ்ளோதான். தெரியாததுக்கு இன்னா பண்றது, வச்சு வளத்துப் பாக்க வேண்டியதுதான்."

தெரியலம்மா. முப்பது வருஷம் கோழி விற்கிற மனிதர் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்!

சேவல் மூன்றையும் கொடுத்துப் பெட்டை மூன்றையும் வாங்கி வந்தேன். கொடுக்கும் முன் சேவல்களின் காலிலிருந்த நூலை என் கையாலேயே அறுத்தேன். அவை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அது தெரியும்.

ஏப்ரல் 28, திங்கள்

இட்லியைப் பார்த்த கனிமொழி குதிக்கவில்லை, கத்தவில்லை. கிட்டே போய் உட்கார்ந்து, தலையிலிருந்த கறுப்புப் பொட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"ஆயா, நீ தப்பா சொல்ட்டியா?"

"ஆமாம்."

"சரி" என்று போய்விட்டாள். அவ்வளவுதான். சரி. அவ்வளவேதானா?

மே 4, ஞாயிறு

கொரட்டூர் போனேன். கையில் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. எதை எடுத்துப் போவது?

கதவைத் திறந்தது ஒரு சின்னப் பெண். "யாரு வேணும்?" என்றாள்.

அவள் மோவாயில் நடுவே ஒரு பள்ளம். காலையில் தலை வாரும்போது நான் கண்ணாடியில் பார்க்கிற மோவாய். என் அம்மாவுக்கும் அதே பள்ளம். மாத்திட்டாங்க என்று எந்தக் குழந்தையைச் சொன்னேனோ, அது என் முகத்தைச் சுமந்துகொண்டு நின்றது. பெயர் நிஷா. அதுகூட துலுக்கானம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பின்னால் புஷ்பா வந்தாள். இடுப்பில் கை வைத்து நடந்து வந்தாள். என் கண் பழக்க தோஷத்தில் போகிற இடத்துக்கே போயிற்று.

"இன்னா பாக்குற?" என்றாள். "அதுக்குத்தானே வந்த? பாரு. நல்லா பாத்துட்டுச் சொல்லிட்டுப் போ. பையனா, பொண்ணா?"

பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எது என்று இங்கேகூட எழுத மாட்டேன்.

"தெரியாது" என்றேன்.

"இன்னாது?"

"தெரியாது. எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்ல."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். நிறுத்தியிருந்தால் மறுபடி ஆரம்பித்திருக்க மாட்டேன். "அன்னிக்கு யாரும் மாத்தல. கையில கட்டியிருந்தத நான் படிக்கல. படிச்சா நான் தப்புன்னு ஆயிடும். அதான். அவ உன் கொயந்ததான். நான்தான் பொய் சொன்னேன்."

"இத சொல்ல ஆறு வருசமா?" குரல் உடைந்துவிட்டது அவளுக்கு. "பெத்த கொயந்தய யாருதுன்னு நாலு பேரு கேக்கற மாதிரி பண்ணிட்டியேம்மா. ஆறு வருசம்மா!"

உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவும் இல்லை, உள்ளே வா என்று கூப்பிடவும் இல்லை. என் பெண்தானே, பிடிவாதம் வேறு யாரிடமிருந்து வரும்? மாடிப்படியில் உட்கார்ந்தேன். நிஷா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை என் மோவாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன்.

மே 18, ஞாயிறு

எதிர்வீட்டு மருமகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு வந்து நின்றாள். தெரியாதும்மா என்றேன். நம்பவில்லை. "எம்மேல இன்னா கோவம் ஆயா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

கொரட்டூரிலிருந்து ஒரு சேதியும் இல்லை. நான் போனது வீண் என்று சொல்ல மாட்டேன். இன்னொரு தடவை போவேன் என்றும் சொல்ல மாட்டேன்.

மே 30, வெள்ளி

துலுக்கானம் வாசலில் ஆட்டோவை நிறுத்தி ஹாரன் அடித்தார். இறங்கவில்லை.

"சம்மந்திம்மா, புஷ்பா சொல்லி அனுப்பிச்சு. பத்தாம் தேதி ஆஸ்பத்திரில சேக்கறாங்களாம். வந்தா வரட்டும், ஆனா வாயத் தொறக்கக் கூடாதுன்னிச்சு."

"சரி" என்றேன்.

"இன்னாது, சரியா? நீயா சொல்ற?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உடம்பு கிடம்பு நல்லாத்தான கீது?"

ஜூன் 10, செவ்வாய்

இட்லி இன்று முதல் முட்டை வைத்திருப்பதாக, நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது சிம்ரன் போன் செய்தாள். நாலு மாசத்திலேயே! சின்ன முட்டையாம். கூரா, உருண்டையா என்று நான் கேட்கவில்லை.

வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மருமகன் நின்றான். அவன் அம்மா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். நிஷா கொஞ்ச நேரம் அங்கே, கொஞ்ச நேரம் இங்கே என்று நடந்து, கடைசியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பதினொன்று இருபதுக்கு நர்ஸ் வந்தாள். கையில் மூட்டை மாதிரி. காட்டுவதற்காகத் துணியை விலக்கப் போனாள். எல்லோரும் எழுந்து வந்தார்கள்.

"மூடியே வைம்மா. குளிரும்" என்றேன். அவர்கள் எதிரே நான் வாய் திறந்து பேசியது அது ஒன்றுதான்.

குழந்தையின் கையில் கட்டியிருந்த பட்டையை மட்டும் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். புஷ்பா. சரியாகத்தான் இருந்தது. நிஷா பார்க்க வேண்டுமென்றாள். அவளுக்கும் படித்துக் காட்டினேன்.

பிறகு நர்ஸ் உள்ளே போய் வந்து, "இங்க ஜெகதாம்பாள் யாரு? உங்க பொண்ணு வெந்நீர் கேக்குது" என்றாள்.

சாயங்காலம் துலுக்கானம் போன் செய்தார். "இன்னா கொயந்த சம்மந்திம்மா?"

"மூணு கிலோ நூறு" என்றேன்.